ஆலாவின் கால்

என் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் சுபா போன வாரம் போனில் கூப்பிட்டாள். அலுவலகத்துக்குப் புதுக் கேமரா வந்திருக்கிறதாம். பறக்கிற பறவையின் கண்ணை அந்தக் கேமராவே தேடிப் பிடித்துக்கொள்கிறதாம். "நாம சும்மா அமுக்கிக்கிட்டே இருந்தாப் போதும் அண்ணாச்சி, ஒண்ணுகூடத் தப்பாது" என்றாள். உங்கள் காலத்தில் பாவம் என்ன பாடுபட்டீர்களோ என்ற இரக்கம் வேறு அந்தக் குரலில்.

"ரொம்ப சந்தோஷம். படத்துல கால் இருக்கா?" என்றேன்.

"யாரு கால்?"

"பறவையோட கால்தாம்மா."

படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். பிறகு, "இல்லையே அண்ணாச்சி, ஒண்ணுலயும் இல்லையே" என்றாள். குரலில் இரக்கம் குறைந்திருந்தது. அந்தக் காலுக்காக நாங்கள் அலைந்த கதையைப் போனில் சொன்னால் அவள் சார்ஜ் தீர்ந்துவிடும். எழுதித் தாருங்கள் என்றாள். இது அவள் கேட்டு எழுதுவது.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். எனக்கு வெற்றிலையில் நாட்டம் இல்லை என்று தெரிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் கொண்டுபோய் விட்டார். கல்யாணம் கல்யாணமாகப் போய்க் கற்ற தொழில். கல்யாணப் போட்டோகாரனுக்கு வெளிச்சம், லென்ஸ் எல்லாம் அப்புறம். தாலி கட்டுகிற நேரத்தில் எந்த அத்தை எந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே பாய்வாள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவன் எல்லா ஆல்பத்திலும் அத்தையின் கொண்டையைத்தான் வைத்திருப்பான்.

அதன் பிறகு தூத்துக்குடியில் கடல்வளக் கணக்கெடுப்பு அலுவலகம் ஒன்றில் போட்டோகாரர் வேலை கிடைத்தது. பல வருஷம் செத்த மீன்களைத்தான் எடுத்தேன். மீனைப் பலகையில் கிடத்தி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, செதில் மினுக்காமல் விளக்கைச் சாய்த்து ஒரு படம். மீன் கண்ணை மூடாது. சிரிக்கச் சொல்ல வேண்டாம். என்னைக் குண்டாகக் காட்டிவிட்டாய் என்று ஆல்பத்தைத் திருப்பி அனுப்பாது. என் வாழ்க்கையில் நிம்மதியான காலம் என்றால் அதுதான். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் ஜெசிந்தா மேடம்.

மேடம் மணப்பாட்டுக்காரர். கடலோடிக் குடும்பம். படித்து விஞ்ஞானியாகி எங்கள் அலுவலகத்தின் கடற்பறவைப் பிரிவுக்குத் தலைவியாக வந்தவர். சத்தம் போட மாட்டார், மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் எடுத்துவந்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து பார்ப்பார். படம் சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி மானிட்டரை அணைத்துவிடுவார். அந்த 'டிக்' சத்தத்துக்கு அலுவலகமே நடுங்கும். நாலு திட்டுத் திட்டினால் டீ குடித்து மறந்துவிடலாம். இருண்ட திரையில் என் முகத்தை நானே பார்த்துக்கொண்டு நிற்பதற்கு என்ன வைத்தியம்?

இனி கால் விஷயம். ஆலா என்பது எங்கள் கடலில் காணும் வெள்ளைப் பறவை. மஞ்சள் அலகு, தலையில் சீப்பை மறந்துபோன பையன் மாதிரிக் கறுப்புக் கொண்டை. தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருக்கிறது. கோடையில் ஆலாக்கள் அங்கே வெறும் மணலில் முட்டை வைக்கும். பல வருஷங்களுக்கு முன் மேடம் அங்கே பிறந்த குஞ்சுகளின் காலில் பச்சைப் பட்டை மாட்டியிருந்தார். பட்டையில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். குஞ்சு வளர்ந்து எங்கே போனாலும், யாராவது அதைப் படித்துச் சொன்னால், அது தூத்துக்குடிப் பிள்ளை என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒருவரும் படித்துச் சொல்லவில்லை. தலைமை அலுவலகம் பட்டை போடும் வேலையை நிறுத்தியது. அங்கே விஸ்வநாதன் சார் என்று ஒரு பெரிய அதிகாரி. "அங்கே பிறக்கிற பறவை அங்கே திரும்புவதே இல்லை. எங்கிருந்தோ வருகிறது, போகிறது. இதற்குப் பாதுகாப்பு எதற்கு?" என்று கோப்பில் எழுதிவிட்டார். திட்டைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் கோடையில் அங்கே சுற்றுலாப் படகு விடலாம். பலூன் விற்கலாம். முட்டை மேல் பாய் விரித்து உட்கார்ந்து பிரியாணி சாப்பிடலாம். மேடத்துக்கு ஜூன் கடைசியில் ஓய்வு. அதற்குள் தன் பட்டையோடு ஒரே ஒரு ஆலா அந்தத் திட்டுப் பக்கம் திரும்பி வந்திருக்கிறது என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திட்டும் போய்விடும், அவருடைய இத்தனை வருஷ உழைப்பும் அதோடு போய்விடும்.

மே மாதத்தில் சேவியர் அண்ணன் ஒரு செய்தி கொண்டுவந்தார். சொந்த வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். மேடத்தின் பெரியம்மா மகன். அலுவலகத்துக்குள் நுழைந்ததும், நாங்கள் மூச்சை அடக்கி நிற்கும் அந்த அறை வாசலிலிருந்தே, "ஏளா ஜெசி, ஒன் பச்ச வளையல் போட்ட ஆலா ஒண்ணு என் வள்ளத்துக்குப் பின்னாலயே வருதுளா!" என்று கத்தினார். எங்கள் மேடத்தை ஒருவர் 'ஏளா' என்று கூப்பிட்டு உயிரோடு நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

மேடம் எழுந்து நின்றார். "என்ன எழுத்துண்ணே?"

"எழுத்தா? நான் வலையப் பாப்பனா, அது காலப் பாப்பனா?"

திட்டில் இறங்கிப் பார்த்துவிடலாமே என்று நான் சொன்னேன். அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. ஆள் போனால் தாய்ப்பறவைகள் எழும்பிவிடும், வெயிலில் முட்டையும் குஞ்சும் வெந்துபோகும். அனுமதி கொடுக்க வேண்டியவரோ விஸ்வநாதன் சார். அவர் போனில் ஒரு நிபந்தனை வேறு சொன்னார்: இரை வீசிப் பறவையைக் கூப்பிட்டு எடுத்த படம் ஆதாரம் ஆகாது. ஆக, பறக்கும்போது, பக்கத்தில் வைத்து, ஒரு மீன்கூட வீசாமல், காலை எடுக்க வேண்டும். "செல்வராஜ், நாளைக்கே போங்க" என்றார் மேடம்.

முதல் நாள் அலுவலகத்திலிருந்த பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆலா கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. லென்ஸில் கண்ணை வைத்தால் வெறும் நீலம். கண்ணை எடுத்தால் ஆலா, வைத்தால் நீலம். கரைக்கு வந்து படங்களைப் பார்த்தோம். வானம், வானம், ஒரு சிறகின் நுனி, வானம், சேவியர் அண்ணனின் காது. மேடம் மானிட்டரை அணைக்கவில்லை. மின்சாரப் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

சுபா, நீ குறித்துக்கொள்ள வேண்டியது இங்கேதான். பக்கத்தில் பறக்கிற பறவைக்குச் சின்ன லென்ஸ் போதும். மத்தியானத்துக்கு மேல் வள்ளம் கரைக்குத் திரும்பும்போது போக வேண்டும். கோடையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். வள்ளம் அதற்கு எதிர்முகமாக வரும். ஆலாக்களும் அதே திசையில் முகத்தை வைத்துச் சிறகை விரித்துக்கொண்டால் காற்றே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் வள்ளத்தின் வேகமும் அதன் வேகமும் ஒன்றாகி, சுவரில் ஆணியடித்து மாட்டிய மாதிரி பறவை அந்தரத்தில் நிற்கும். நீ அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்தலையில், மேற்கு வெயிலுக்கு முதுகைக் காட்டிப் பின்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். பக்கப் பலகையில் சாயாதே, எஞ்சின் நடுக்கம் உடம்பு வழியாகக் கேமராவுக்கு ஏறிவிடும். முழங்காலை மடக்கி நின்றால் அலையை இடுப்போடு நிறுத்திவிடலாம். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். ஒரு கண் கேமராவுக்கு, இன்னொன்று அடுத்து வரும் பறவைக்கு. பறவை வெள்ளை, கடல் கறுப்பு. கேமரா கடலைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டும். நீ குறைத்துவிடு. வெயிலில் நிற்கிற மாமனாரின் சலவை வேட்டியில் மடிப்புத் தெரிகிறாற்போல் எடுப்பதும் இதுவும் ஒரே வேலைதான். வாயை மட்டும் மூடி வைத்துக்கொள். மேலே இருப்பவை பறவைகள்.

இதையெல்லாம் கற்றுத் தேறி, ஒரு வாரத்தில் அப்படி ஒரு படம் எடுத்தேன். ஆலா நேராக என்னைப் பார்க்கிறது. இறகு இறகாக எண்ணலாம். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். கல்யாணப் பெண்களில்கூட இவ்வளவு லட்சணமாக யாரையும் நான் எடுத்ததில்லை. மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பாராட்டுக்கு நான் தலையைச் சற்றுச் சாய்த்துக்கூட வைத்துவிட்டேன்.

"கால் எங்கே?" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். கால் இல்லை. எந்தப் படத்திலும் இல்லை. ஆலா மேலே ஏறியதும் காலை மடித்து வயிற்று இறகுக்குள் செருகிக்கொள்கிறது. இறங்கும்போது வெளியே எடுக்கும், இல்லையென்றால் பறந்துவந்த வேகத்துக்குச் சட்டென்று பிரேக் போடும்போது எடுக்கும். எங்கள் வள்ளத்தில் இறங்க அதற்கு எந்த அவசியமும் இல்லை. பிரேக் போடவும் காரணம் இல்லை, மீன் வீசத்தான் தடை இருக்கிறதே.

தினமும் போனேன். தினமும் அந்தக் கேள்வி வந்தது. சேவியர் அண்ணனுக்கு என் துயரம் புரியவே இல்லை. அவருக்குத் தன் படம்தான் முக்கியம். "அண்ணாச்சி, இந்தப் பக்கமா ஒண்ணு எடுங்க, மஸ்கட்ல இருக்க மவளுக்கு அனுப்பணும்" என்று சுக்கானைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்துவார். கடலுக்கு வரும்போது இஸ்திரி போட்ட சட்டை ஒன்றையும் பையில் வைத்துக் கொண்டுவர ஆரம்பித்தார். அந்த மாதம் எடுத்ததில் தெளிவான கால் உள்ள படங்கள் எல்லாம் அவருடையவை.

ஜூன் பிறந்து பாதி போய்விட்டது. கோப்பில் கையெழுத்துப் போடுமுன் திட்டைத் தூரத்திலிருந்தாவது பார்த்துவிடுகிறேன் என்று விஸ்வநாதன் சார் கிளம்பி வந்தார். வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பளபளவென்று ஷூ. வள்ளத்தில் செருப்பு ஏறக்கூடாது என்று சேவியர் அண்ணன் சொன்னதும் ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் ஓட்டை இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது.

அன்று மேடமும் கரைக்கு வந்தார். முன்பெல்லாம் அலுவலகப் படகில்தான் போவார். அதுவும் பழுதாகி ஏலத்தில் போய்விட்டது. வள்ளத்தில் காலைத் தூக்கி வைக்கப் போனவரைச் சேவியர் அண்ணன் மறித்தார்.

"ஏளா, நீ எங்கன வார? பொம்பளய ஏத்துத வழக்கம் இல்ல பாத்துக்கோ. எங்கப்பா காலத்துலயே கெடையாது."

"மணப்பாட்டுல என்னயத் தூக்கி நடுக்கடல்ல போட்டு நீந்துன்னு சொன்னது யாருண்ணே?"

"அது... நான்தான்."

"அப்ப நான் ஆம்பளயா இருந்தனா?"

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சேவியர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "இன்னிக்கி ஒரு நாளைக்குத்தான். செபமாலையக் கையில பிடிச்சிக்கிட்டு அசையாம இரு. யேசு மரி சூசையே, மீனு படாமப் போச்சுன்னா ஒன்னயத்தான் கேப்பன்" என்று வழிவிட்டார்.

அன்று மீன் வலை கிழிகிற அளவுக்குப் பட்டது. சேவியர் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மேடம் பக்கம் திரும்பவும் இல்லை. போகும்போது திட்டைத் தூரத்திலிருந்து காட்டினோம். விஸ்வநாதன் சார் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "வெறும் மணல்" என்றார். மேடம் செபமாலை மணியை மட்டும் வேகமாக உருட்டினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த 'டிக்' சத்தத்துக்குப் பயந்து நான் வேலை பார்த்ததெல்லாம் பழைய கதை. அன்று, இவர் தோற்றுவிடக்கூடாதே என்றுதான் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் திரும்பினோம். கச்சான் நன்றாக அடித்தது. ஆலாக்கள் வந்துவிட்டன. "அந்தா வாரான் பாருங்க!" என்று சேவியர் அண்ணன் கையைக் காட்டினார். பின்பக்கம், கொஞ்சம் உயரத்தில் ஒன்று. காற்றில் அது புரண்டபோது வயிற்று இறகுக்குள் ஒரு பச்சைப் பொட்டு தெரிந்து மறைந்தது. மேடம் எழுந்தேவிட்டார். அசையாமல் இரு என்று அதட்ட சேவியர் அண்ணனுக்கே தோன்றவில்லை. நான் அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். சிறகு, கொண்டை, அலகு, கண். காலை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டிய மாதிரி வைத்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து விஸ்வநாதன் சார், "மிஸ்டர் செல்வராஜ், கடலுக்கு வந்ததுக்கு ஞாபகமா என்னை ஒரு படம் எடுங்களேன். மீனோட" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கல்யாண வீட்டில் சரியாகத் தாலி ஏறும் நேரத்தில் பெண்ணின் சித்தப்பா வந்து 'தம்பி, என்னைத் தனியா ஒண்ணு' என்பாரே, அதே குரல். ஆனாலும் அதிகாரி. கேமராவை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பெரிய பாறை மீன் ஒன்றைத் தூக்கப் பார்த்தார்.

"அது வழுக்கும் சார். கனம் வேற" என்றார் சேவியர் அண்ணன், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "இந்தச் சாளையப் பிடிங்க. வாலப் பிடிச்சி ஒசத்துங்க. வெயிலுக்கு நல்லா மினுங்கும்."

சாருக்கு அது நியாயமாகப் பட்டது. விரல் நீளச் சாளையை வாலைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, கோப்பை வாங்கிய விளையாட்டு வீரர் போல் நின்றார். என் வாய் பழக்கத்தில், "சார், கை இன்னும் கொஞ்சம் மேல. சிரிங்க" என்றது.

சார் சிரித்தார். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து வெள்ளையாக ஒன்று நேராக வருவது என் இன்னொரு கண்ணில் பட்டது. அத்தை பாய்கிறாள் என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. சிறகு இரண்டும் முன்னால் வளைந்தன, வால் விசிறியாக விரிந்தது, இரண்டு கறுப்புக் கால்களும் சாரின் தொப்பிக்கு மேல் சொத்தென்று இறங்கித் தொங்கின. நான் விரலை எடுக்கவே இல்லை. மறு நொடி சாரின் கையில் மீன் இல்லை. கை மட்டும் அப்படியே உயரத்தில் இருந்தது.

கேமராவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் போனேன். மேடம் பிடுங்கிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றினார், மூக்கைத் திரையில் வைத்தார். படத்தில் சார் கண்ணை இறுக மூடி வாயைத் திறந்திருந்தார். அவர் நெற்றிக்கு மேலே பச்சைப் பட்டை, வெயிலில் தெளிவாக.

"ஜே ஏழு" என்றார் மேடம். "நான் போட்டது. கடைசி வருஷம் போட்டது."

விஸ்வநாதன் சார் கையை மெல்ல இறக்கினார். தொப்பியைச் சரிசெய்தார். "இரை காட்டி எடுத்த படம் ஆதாரமாகாதே" என்றார். ஆனால் சுரத்தில்லாமல்தான் சொன்னார்.

"மீன யாரு சார் காட்டுனது?" என்றார் சேவியர் அண்ணன் சுக்கானிலிருந்து.

சார் யோசித்தார். "நான் கேமராவுக்குத்தானே காட்டினேன்."

"அதத்தான் சார் நாங்களும் சொல்லுதோம்."

மேடம் இந்தப் பேச்சு எதிலும் இல்லை. பறந்துபோன ஆலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அது மீனை முழுங்கல. பாருங்க, அலகுலயே வச்சிருக்கு. தனக்குன்னா அந்தரத்துலயே முழுங்கிரும். வீட்டுக்குக் கொண்டு போகுது. அண்ணே, திருப்பு!"

சேவியர் அண்ணன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கரைக்கு முகம் வைத்திருந்த வள்ளத்தைத் திருப்பினார். திட்டுக்கு வெகுதூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினார். சார் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். வெறும் மணல் என்று அவர் சொன்ன இடத்தில், மணலின் நிறத்திலேயே ஒரு குஞ்சு எழுந்து தடுக்கித் தடுக்கி ஓடி வந்திருக்கிறது. ஜே ஏழு இறங்கிச் சாளையை அதன் வாயில் வைத்திருக்கிறது. எங்களுக்கு இதெல்லாம் சாரின் வாய்மொழியாகத்தான் தெரியும், ஏனென்றால் பைனாகுலரை அவர் யாருக்கும் தரவில்லை.

"தலைப்பக்கமா முழுங்குது. ஐயோ, வால் வெளியே நிக்குதே. மெதுவா, மெதுவா. தொண்டையில் சிக்கிடுமா மேடம்? கொஞ்சம் சின்ன மீனா குடுத்திருக்கலாமே நீங்க!" என்று சேவியர் அண்ணனைக் கோபித்துக்கொண்டார். பிறகு பெருமூச்சு விட்டார். "முழுங்கிட்டான்."

சார் பைனாகுலரை இறக்கியபோது மேடம் அழுதுகொண்டிருந்தார். துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, உப்புக் காற்று என்று லென்ஸைத் துடைத்துச் சமாளித்தேன். சார் அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தக் குஞ்சு காலில் யார் பட்டை போடுவது?"

"யாரும் போட முடியாது சார். வேலையை நிறுத்தியாச்சு. எனக்கும் இந்த மாசத்தோட முடியுது."

"மாசம் இன்னும் முடியலையே" என்றார் சார். "அனுமதி நான் தர்றேன். நீங்களே போடுங்க."

எங்களை எல்லாம் ஒரு 'டிக்' சத்தத்தில் நிறுத்திவைத்தவர், செபமாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றார்.

சேவியர் அண்ணன் எஞ்சினைக் கிளப்பக் குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்.

"ஏளா, சும்மா அழுதுக்கிட்டு நிக்காம சொல்லு. நாளைக்கி ஒனக்கு எத்தன மணிக்கு வள்ளம் வேணும்?"